எரித்த காமனை ஏன் எழுப்புகிறோம்?

கேள்வி: நான் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவள். இப்போது கொழும்பில் வேலை செய்கிறேன். எங்கள் தோட்டத்தில் மாசி பிறந்தால் காமன் கூத்து நடக்கும். சின்ன வயதில் அதை வேடிக்கையாகத்தான் பார்த்தேன். அப்பா காலமாகிச் சில வாரங்களில் ஊருக்குப் போயிருந்தபோது கூத்து நடந்துகொண்டிருந்தது. முதலில் கல்யாணம், பிறகு சண்டை, கடைசியில் ஒப்பாரி. ரதி புலம்பும்போது அம்மா வாய்விட்டு அழுதார். அதன் பிறகு கொஞ்சம் தெளிந்த மாதிரி இருந்தார். ‘காமம் கெட்டது என்று காட்டத்தான் காமனை எரிக்கிறோம்’ என்கிறார் மாமா. அப்படியானால் மூன்றாம் நாள் எழுப்புவானேன்? ஆசை, சண்டை, சாவு மூன்றையும் ஒரே கூத்தில் போட்டது ஏன்? இந்த மூன்றுக்கும் நடுவில் நிலைகுலையாமல் வாழ ஒரு வழியை இந்தக் கூத்து சொல்கிறதா?
— ஒரு வாசகி, வத்தளை

பதில்: உங்கள் அப்பாவின் மறைவுக்கு முதலில் என் ஆழ்ந்த அனுதாபங்கள். துக்கத்துக்கு நடுவிலும் கூத்தைக் கூர்ந்து பார்த்திருக்கிறீர்கள். ‘எழுப்புவானேன்’ என்ற ஒரே சொல்லில் மாமாவின் விளக்கத்தில் உள்ள ஓட்டையையும் பிடித்துவிட்டீர்கள். எனக்குப் பாதி வேலை மிச்சம்.

தோட்டத்துக்கு வெளியே இருந்து படிக்கிறவர்களுக்காகச் சில வரிகள். இலங்கை மலையகத்தின் பெரிய கூத்துகள் மூன்று: காமன் கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர். இவற்றில் காமன் கூத்து ஓர் இரவோடு முடிவதில்லை. மாசி அமாவாசை கழித்து மூன்றாம் பிறையில் தொடங்கிப் பௌர்ணமி வரை நீளும். தொடக்கத்தில் ‘காமன் ஊன்றுதல்’, அதாவது காமனுக்கு அடையாளமாக ஒரு கொம்பை நடும் சடங்கு. ஆமணக்கு, கரும்பு, வைக்கோல் பிரி என்று சேர்மானம் தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். அந்தக் கொம்பு நிற்கும் திறந்த வெளிக்குக் காமன் பொட்டல் என்று பெயர். மதனும் ரதியுமாக வேடம் கட்டுகிறவர்கள் காப்புக் கட்டி, அதாவது கையில் மஞ்சள் கயிறு கட்டி நோன்பு இருப்பார்கள். இரண்டு வேடமும் வழக்கமாக ஆண்கள்தான். லயம் லயமாக, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகள் தோறும் ஆடி வருவார்கள். கடைசி இரவில் தூதன், வீரபத்திரன், எமன் எல்லாரும் வந்திறங்க, சிவனின் தவம் கலைந்து காமன் எரிவான்.

இனி மாமாவின் விளக்கத்துக்கு வருவோம். காமம் பாவம், அதனால் எரிக்கிறோம் என்பது பலரும் சொல்வதுதான். நல்ல எண்ணத்தில் சொல்வது. ஆனால் கூத்திலேயே அதற்கு எதிரான சாட்சி நிறைய இருக்கிறது. குற்றவாளிக்கு யாராவது காப்புக் கட்டி நோன்பிருப்பார்களா? மதனும் ரதியும் வாசலுக்கு வரும்போது வீட்டுக்காரர்கள் ஆரத்தி எடுக்கிறார்கள். வரன் தேடுகிறவர்களும் பிள்ளை வரம் கேட்கிறவர்களும் அந்த ஜோடியைக் கும்பிடுகிறார்கள். தாலி கட்டுவது முறையான திருமணமாகவே நடக்கிறது.

கதையையும் பாருங்கள். சூரபத்மனின் கொடுமை தாங்காமல் தேவர்கள் தவிக்கிறார்கள். அவனை ஒழிக்கச் சிவனுக்கு ஒரு பிள்ளை பிறக்க வேண்டும். சிவனோ தேவியை இழந்து கண்மூடி மோனத்தில் இருக்கிறார். அவர் கண்ணைத் திறக்க வைக்க ஆள் தேவை. இந்திரன் மன்மதனை அனுப்புகிறான். கரும்பு வில்லும் மலர்க் கணையுமாக அவன் போனது சொந்த ஆசைக்காக அல்ல, பொது வேலைக்காக. வேலையும் பலித்தது. அவன் எரிந்தான், ஆனால் பின்னால் சிவன் பார்வதியை மணந்தார், முருகன் பிறந்தான், சூரன் ஒழிந்தான். காஞ்சிபுரத்துக் கச்சியப்ப சிவாசாரியார் தமிழில் பாடிய கந்தபுராணத்தில் இதற்கெனக் ‘காமதகனப் படலம்’ இருக்கிறது. காமதகனம் என்றால் காமனை எரித்தல். எரித்த இடம் என்று மயிலாடுதுறைப் பக்கத்துத் திருக்குறுக்கையைச் சொல்வார்கள். சிவன் வீரச்செயல் புரிந்த எட்டுத் தலங்களான அட்ட வீரட்டங்களில் அது ஒன்று. ஆக, முருகன் பிறப்பதற்கு முதலில் உயிர் கொடுத்தவன் காமன். அவனைப் பாவி என்று சொல்லக் கூத்துக்காரர்களுக்கு மனம் வராது.

அப்படியானால் ஏன் எரிகிறான்? இங்கேதான் கூத்து புராணத்தைவிட நமக்குக் கிட்டத்தில் வருகிறது. முறை பார்த்துச் சொல்லுங்கள், சிவனுக்கு மன்மதன் யார்? மன்மதன் திருமாலின் மகன். பார்வதி திருமாலின் தங்கை. அத்தை வீட்டுக்காரர் என்றால் மாமா முறை. மாமனும் மருமகனும் மோதிக்கொள்ளும் கதை இது. அதற்கு முன்னால் இன்னொரு மோதல் இருக்கிறது. தக்கன் யாகம் நடத்தினான். மருமகன் சிவனுக்கு அழைப்பு இல்லை. அழையாத வீட்டுக்கு மகள் தாட்சாயணி போனாள், அவமானப்பட்டாள், உயிரை விட்டாள். சிவனின் கோபம் வீரபத்திரனாகக் கிளம்பித் தக்கன் தலையை எடுத்தது. கூத்தில் வீரபத்திரன் வருகிற கட்டத்தில் பொட்டலில் நிற்கும் சனம் தானாகவே பின்வாங்கும். சிலருக்கு அருளும் வந்துவிடும்.

இரண்டு கதையையும் சேர்த்து வைத்தால் ஒன்று தெரியும். காமனை எரித்தவர் கல் நெஞ்சுக்காரர் அல்ல. மனைவியைச் சாகக்கொடுத்த கணவன் அவர். மாமனாரிடம் அவமானப்பட்ட மருமகன், பிறகு தன் மருமகனையே எரிக்கிறார். தவம் என்று நாம் சொல்கிற அந்த அசையாமைக்குள் எத்தனை துக்கம் கிடந்ததோ! அதைக் கலைக்க வந்தவன்மேல் அது நெருப்பாக விழுந்தது. அன்பும் சண்டையும் சாவும் வேறு வேறு திசையிலிருந்து வருவதாக நாம் நினைக்கிறோம். கூத்தில் மூன்றும் ஒரே குடும்பத்துக்குள், அடுத்தடுத்த அறையில்தான் குடியிருக்கின்றன. மூன்றையும் ஒரே கூத்தில் போட்டது ஏன் என்று கேட்டிருந்தீர்கள். அவை கலந்தேதான் கிடக்கின்றன. கூத்து அவற்றை வரிசைப்படுத்துகிறது.

இந்த இடத்தில் இன்னொரு தப்பான எண்ணத்தையும் தள்ளிவிட வேண்டும். நிலைகுலையாமல் வாழ்வது என்றால் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாக வைத்துக்கொள்வது, ஆசையை அடக்கு, கோபத்தை விழுங்கு, துக்கத்தைக் காட்டாதே என்பதுதான் நமக்குப் பழக்கமான புத்திமதி. காமன் கூத்து இதில் ஒன்றைக்கூடச் சொல்லவில்லை. கல்யாணம் என்றால் முழுக் கல்யாணம். தர்க்கம் என்றால் தொண்டை கட்டும்வரை தர்க்கம். புலம்பல் என்றால் கேட்கிறவர்கள் நெஞ்சு விம்மும் புலம்பல். எதிலும் அளவைக் குறைப்பதில்லை. ஒன்று நடக்கும்போது மற்றது காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் உண்டு, ஓர் இடம் உண்டு, ஒரு முடிவும் உண்டு.

தப்பைக் கவனித்திருப்பீர்கள். தமிழ்நாட்டில் பறை என்பதை மலையகத்தில் தப்பு என்கிறோம். கல்யாணத்துக்கு ஓர் அடி, சாவுக்கு ஓர் அடி, சாமிக்கு ஓர் அடி. முன்பெல்லாம் அதிகாலையில் ஆட்களைப் பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலை பிரிக்கும் இடத்துக்குக் கூப்பிட்டதும் அதே தப்புதான். மாசிப் பனியில் தோல் தொய்ந்துவிடும். தப்படிப்பவர்கள் பொட்டலின் ஓரத்தில் வைக்கோலையும் காகிதத்தையும் கொளுத்தி, தோலைத் தீயில் காட்டிக் காட்டி, விரலால் சுண்டிப் பார்ப்பார்கள். ‘டங்’கென்று சத்தம் வந்த பிறகுதான் ஆட்டம் தொடரும். தோல் ஒன்று, கை ஒன்று, அடி மட்டும் மாறுகிறது. அடி மாறியதும் இவ்வளவு நேரம் சிரித்துக்கொண்டிருந்த கூட்டம் அமைதியாகிவிடுகிறது. சாவுக்கு அடிக்கிறவர் என்பதற்காகவே தப்படிப்பவரைச் சாதி சொல்லி ஒதுக்கிய ஊர்கள் நம்முடையவை. அவர் இல்லாமல் கல்யாணமும் இல்லை, காமனும் இல்லை என்பதைக் கூத்து நடக்கிற நாளெல்லாம் நமக்கு நினைவுபடுத்துகிறது. அந்த ஒதுக்கல் இன்னும் முழுதாகப் போகவில்லை என்பது வெட்கக்கேடு.

எனக்குக் கூத்தில் மிகவும் பிடித்தது எரிக்கிற காட்சி அல்ல. அதற்கு முன்னால் வருகிற ரதி மதன் தர்க்கம். ‘போகாதே’ என்கிறாள் ரதி. கெட்ட கனவு கண்டதைச் சொல்கிறாள், மாமனின் கோபத்தைச் சொல்கிறாள், நேற்றுக் கட்டிய தாலியைக் காட்டுகிறாள். ‘போயே தீர வேண்டும்’ என்கிறான் மதன். வாக்குக் கொடுத்தாயிற்று என்கிறான், தன் வில்லுக்கு அசையாதவர் உண்டா என்று கேட்கிறான். ஒருவர் பாட்டுக்கு மற்றவர் பதில் பாட்டு. இதில் யார் சொல்வது தப்பு? இரண்டு பேருமே சரி. வீட்டில் நடக்கும் சண்டைகளில் பெரும்பாலானவை இந்த வகைதான். ஒருவர் கெட்டவராக இருந்தால் தீர்ப்புச் சொல்வது சுலபம். இங்கே தீர்ப்பே இல்லை, அவன் போகிறான். ஆனால் போவதற்கு முன் அவள் சொல்ல வேண்டியதை எல்லாம் சொல்லி முடிக்கக் கூத்து நேரம் கொடுக்கிறது. கந்தபுராணத்தில் சில பாட்டுகளில் கடந்துவிடுகிற ரதிக்குத் தோட்டத்துப் பொட்டலில் இரவில் பாதி சொந்தம்.

ஏன் தோட்டத்து மக்கள் இந்தக் கட்டத்தை இவ்வளவு நீட்டிக்கொண்டார்கள் என்பதற்கு என்னிடம் ஒரு விளக்கம் உண்டு. ஆவணம் காட்டி நிறுவக்கூடியது அல்ல, என் கணிப்புதான். போனவர் திரும்பாத கதை இவர்களுக்குப் புதிதல்ல. 1820களில் கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழகத்திலிருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியாக மாத்தளை நோக்கி நடந்தார்கள். வழியிலேயே காலராவிலும் காய்ச்சலிலும் செத்தவர்கள் ஏராளம். 1948இல் குடியுரிமைச் சட்டம் அவர்களின் வழிவந்தவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை கொடுக்கவும் கணக்குப் போட்டது. அண்ணனுக்கு இந்தியா, தம்பிக்கு இலங்கை என்று ஒரே லயத்துக்குள் கோடு விழுந்தது. அவர்களை ஏற்றித் தலைமன்னாருக்குப் போன ரயிலை மக்கள் ஒப்பாரிக் கோச்சி என்றார்கள். ஸ்டேஷனில் ‘போகாதே’ என்று சொல்லவும் முடியாமல், ‘போய்ட்டு வா’ என்று சொல்லவும் முடியாமல் நின்றவர்களின் பிள்ளைகள்தான் மாசி தோறும் பொட்டலில் உட்கார்ந்து ரதியைக் கேட்டார்கள்.

இப்போது உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். எரித்தவனை ஏன் எழுப்புகிறோம்?

கதை முழுவதிலும் கோபம் மூன்று பேரைக் கொண்டுபோகிறது. மூன்று பேருமே திரும்பி வருகிறார்கள். எப்படி வருகிறார்கள் என்று பாருங்கள். தக்கனுக்கு உயிர் கிடைத்தது, ஆனால் ஆட்டுத் தலையோடு. தாட்சாயணி பார்வதியாகப் பிறந்தாள், ஆனால் இன்னொரு வீட்டில், இன்னொரு தகப்பனுக்கு மகளாக. மறுபடி தவமிருந்துதான் சிவனை அடைய வேண்டியிருந்தது. மன்மதன் எழுந்தான், ஆனால் உடல் இல்லாமல். அதனால் அவனுக்கு அனங்கன், உடலற்றவன் என்று பெயர். ரதியின் கண்ணுக்கு மட்டும் தெரிவான், உலகத்துக்குத் தெரியமாட்டான். போனது திரும்புகிறது, ஆனால் போனபடி திரும்புவதில்லை. சிவனே நினைத்தும் கணக்கு முழுதாக நேராகவில்லை. உங்கள் கேள்விக்குக் கூத்து வைத்திருக்கும் பதில் இதுதான் என்று நினைக்கிறேன். சாவை அன்பு ஜெயித்துவிட்டது என்று அது பொய் சொல்லவில்லை. சாவோடு எல்லாம் முடிந்தது என்றும் சொல்லவில்லை. குறையோடு திரும்பி வருவதை ஏற்றுக்கொண்டு அடுத்த மாசிக்கு மறுபடி கொம்பு ஊன்றச் சொல்கிறது.

மூன்றாம் நாள் என்பதையும் கவனியுங்கள். நம் வீடுகளில் சாவுக்குப் பிறகு அடக்கம் செய்த இடத்துக்கோ சுடுகாட்டுக்கோ போய்ப் பால் தெளிக்கிற சடங்கும் பெரும்பாலும் மூன்றாம் நாளில்தான் வரும். செத்தவரைக் கடைசியாக வழியனுப்பும் அதே நாள் கணக்கில் காமனை எழுப்புகிறார்கள். ஊருக்கு அவன் இல்லை, அவளுக்கு மட்டும் உண்டு என்று முடிவாகிறது. கணவனை இழந்த எந்தப் பெண்ணுக்கும் இதற்கு விளக்கவுரை தேவையில்லை. 2014 அக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்கள் புதைந்தபோது பலருடைய உடல்கூடக் கிடைக்கவில்லை. பால் தெளிக்க இடமே இல்லாத சாவு. உடலற்றவன் என்ற அந்தப் பழைய பெயரை அதன் பிறகு என்னால் புராணச் சொல்லாக மட்டும் கேட்க முடியவில்லை.

அம்மா ஏன் அழுதார், ஏன் தெளிந்தார் என்பதற்கு வருவோம். சாவு வீட்டில் பெண்களுக்கு ஒப்பாரி உண்டு. ஆனால் அது சில நாள்தான். காரியம் முடிந்ததும் மலைக்குப் போய்க் கொழுந்து எடுக்க வேண்டும். நாள் தவறினால் சம்பளம் தவறும். அழுகை மிச்சமிருக்கும், அழுவதற்கு இடம் இருக்காது. கூத்தில் அந்த இடம் கிடைக்கிறது. பெண் வேடம் கட்டிய ஓர் ஆண் ஊர் நடுவில் நின்று புருஷன் போன துக்கத்தைப் பாடுகிறான். அழுகிறவள் தன் புருஷனுக்கு அழுகிறாளா ரதிக்கு அழுகிறாளா என்று யாரும் கேட்கப்போவதில்லை. ‘இன்னுமா அழுகிறாய்’ என்ற கேள்வி அன்றிரவு யார் வாயிலும் வராது. தொல்காப்பியம் மெய்ப்பாடு, அதாவது உடம்பில் வெளிப்படும் உணர்வு, எட்டு என்று சொல்கிறது. அழுகையும் வெகுளியும் உவகையும் அந்த எட்டில் அடங்கும். மூன்றையும் ஒரே கூத்தில், ஊரே சூழ்ந்திருக்க, அடுத்தடுத்துத் தாண்டி வந்தார் உங்கள் அம்மா. துக்கம் தீர்ந்துவிட்டதென்று எண்ண வேண்டாம். ஒரு வாசல் கிடைத்தது, அவ்வளவே. அடுத்த வருடமும் அவர் அழலாம், அழட்டும்.

மாமாவிடம் சொல்ல ஒரு செய்தி. காமன் உண்மையிலேயே எரிந்தானா இல்லையா என்று கேட்டுத் தஞ்சைப் பக்கத்தில் ஒரு கலையே வளர்ந்திருக்கிறது. மராத்தியர் ஆட்சியோடு அங்கே வந்து சேர்ந்த லாவணி, அதாவது இரண்டு அணி எதிரெதிராக நின்று பாட்டாலேயே வாதாடும் முறை. எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று பிரிந்து விடியும்வரை பாடுவார்கள். மறு வருடம் அதே கேள்வியோடு மறுபடி உட்காருவார்கள். ஆகவே மாமாவும் நீங்களும் ஆளுக்கொரு கட்சியில் நின்று வாதாடுவதில் தப்பே இல்லை. அது மாசி மாதத்து மரபு.

நீங்கள் கேட்ட ‘வழி’யைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் விடக்கூடாது. தோட்டத்தில் கூத்து நடக்க வேண்டுமென்றால் வீட்டுக்கு வீடு பணம் சேர வேண்டும், இரண்டு மூன்று தொழிற்சங்கத்துத் தலைவர்மாரும் ஒரே பாயில் உட்கார வேண்டும், பேச்சுவார்த்தை இல்லாத குடும்பங்களும் ஆரத்தித் தட்டோடு வாசலுக்கு வர வேண்டும். ஒரு தனி ஆள் தன் மனதுக்குள் உட்கார்ந்து இந்த மூன்றையும் சரிக்கட்டிவிடலாம் என்று காமன் கூத்து ஓரிடத்திலும் சொல்லவில்லை. கல்யாணத்துக்கு ஆள் வேண்டும், தர்க்கத்துக்கு எதிராளி வேண்டும், அழுகைக்குப் பக்கத்தில் இன்னொருத்தி வேண்டும். கொழும்பில் தனி அறையில் இருந்து அப்பாவை நினைக்கிறீர்களே, அதுதான் உங்களுக்குக் கூடுதல் கஷ்டமாக இருக்கிறது என்று ஊகிக்கிறேன். விடுமுறை எடுத்து ஊருக்குப் போங்கள், அம்மாவோடு பேசுங்கள்.

போகும்போது ஒரு வேலையையும் உங்களிடம் ஒப்படைக்கிறேன். காமன் பாட்டுகளில் அச்சேறியவை கொஞ்சம்தான். பல தோட்டங்களில் அவை கூத்து மாஸ்டரின் கையெழுத்துக் கொப்பியிலும் அவர் நினைவிலும் மட்டும் இருக்கின்றன. இளைஞர்கள் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட்டதால் வேடம் கட்ட ஆள் கிடைக்காத தோட்டங்களும் உண்டு. உங்கள் தோட்டத்து மாஸ்டரிடம் முறையாகக் கேட்டு, அவர் சம்மதித்தால், ரதி மதன் தர்க்கத்தையும் புலம்பலையும் முழுதாக உங்கள் தொலைபேசியில் பதிந்துகொள்ளுங்கள். கொப்பியின் பக்கங்களையும் படம் எடுத்து ஒரு பிரதியை அவர் வீட்டிலேயே கொடுத்துவிடுங்கள். பாடியவர் பெயர், தோட்டத்தின் பெயர், நாள் மூன்றையும் மறக்காமல் எழுதிவையுங்கள்.